தேள் மார்க் சைலன்சர்

ராத்திரி பதினோரு மணி. உங்கள் தெருவில் ஒரு பைக் 'பட பட பட'வென்று வெடித்துக்கொண்டு போகிறது. தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்து திட்டுகிறீர்கள். அந்தப் பையன் என்ன செய்திருக்கிறான்? கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டியிருக்கிறான். ஏனப்பா இப்படி என்று கேட்டுப் பாருங்கள். 'பிக்கப் கூடும் சார்' என்பான்.

அதில் பாதி பொய். பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, திவாலான ஒரு கம்பெனியின் மிச்சம் மீதியிலிருந்து எழுந்து நின்ற ஒரு மனுஷரின் கதைதான் இந்த வாரம். பெயர் கார்லோ அபார்த்.

பிறந்தது வியன்னாவில், 1908 நவம்பர் 15. அப்போது பெயர் கார்ல். தேதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. இளவயதில் பைக் ரேஸ் பைத்தியம். பிறகு சைடுகார் பைத்தியம். 1934-ல் ஒரு காரியம் செய்தார். வியன்னாவிலிருந்து பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் வரை, ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலோடு சைடுகார் பைக்கில் போட்டி! முதல் தடவை ரயில் ஜெயித்தது. ஆசாமி விடவில்லை. மறுபடி ஓட்டி ரயிலைத் தோற்கடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

1930-களின் கடைசியில் லுப்லியானாவில் ஒரு ரேஸில் பயங்கர விபத்து. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. பந்தய வாழ்க்கைக்கு அதோடு முற்றுப்புள்ளி. உலகப் போர் முழுக்க அந்த ஊரிலேயே காலம் தள்ளினார். போர் முடிந்ததும் வட இத்தாலியின் மெரானோவுக்குக் குடிபெயர்ந்தார். கார்ல், கார்லோ ஆனார்.

அங்கேதான் பியரோ டூசியோ வந்து சேர்கிறார். டூரின் நகரத்துப் பணக்காரர். யுவென்டஸ் கால்பந்து அணிக்கு ஆடியவர், பிறகு அதற்கே தலைவராக இருந்தவர். சிஸிடாலியா என்று ஒரு கார் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கு ஓர் ஆசை. உலகமே வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு கிராண்ட் ப்ரீ கார் வேண்டும். போர்ஷேயின் இன்ஜினீயர்களிடம் வேலையைக் கொடுத்தார். அப்போது பெரியவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே பிரெஞ்சுக்காரர்களின் சிறையில் இருந்தார். டூசியோ கொடுத்த பணம்தான் 1947-ல் அவரை வெளியே கொண்டுவர உதவியது. இந்தப் பேரத்தில் நடுவே நின்று இரண்டு பக்கமும் பேசியவர்களில் அபார்த்தும் ஒருவர்.

கார் பிரமாதமான கார்தான். பன்னிரண்டு சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. ஆனால் செலவு? டூசியோவைக் கரைத்துவிட்டது. மனுஷர் கப்பலேறி அர்ஜென்டினா போய்விட்டார். ரேஸ் டீமை நடத்திக்கொண்டிருந்த அபார்த்துக்கு வரவேண்டிய பாக்கிக்குப் பதிலாகக் கிடைத்தவை சில ரேஸ் கார்கள், கொஞ்சம் உதிரி பாகங்கள். அவ்வளவுதான்.

வயது நாற்பது. அந்நிய தேசம். போரில் நொறுங்கிக் கிடக்கிற நாடு. கையில் ஓட்டை உடைசல் கார்கள். நீங்களோ நானோ என்றால் வேறு வேலை பார்த்திருப்போம். அபார்த், ஸ்காலியாரினி என்ற பணக்காரரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1949 மார்ச் 31 அன்று போலோன்யாவில் 'அபார்த் அண்டு கோ'வை ஆரம்பித்தார். சீக்கிரமே டூரினுக்கு இடம் மாற்றினார். கம்பெனிக்கு ஒரு சின்னம் வேண்டுமே? நவம்பர் 15 பிறந்தவருக்கு மேல்நாட்டு ஜோதிடப்படி விருச்சிக ராசி. தேளையே போட்டார்.

ரேஸ் டீம் ரெடி. அடுத்த வருடமே பெயரும் கிடைத்தது. 1950 ஏப்ரல் 10, சிசிலியில் பாலெர்மோ - மோன்டே பெல்லக்ரீனோ மலையேற்றப் பந்தயம். அபார்த்தின் காரை ஓட்டியவர் டாட்ஸியோ நூவொலாரி. இத்தாலியில் அந்தப் பெயரைச் சொன்னால் தாத்தாக்கள் எழுந்து நிற்பார்கள். அன்றைக்கு அவருக்கு வயது 57. நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. எத்தனையோ வருடம் பந்தய கார்களின் புகையை சுவாசித்ததுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். அந்த உடம்போடு ஓட்டித் தன் பிரிவில் முதலாவதாக வந்தார். அதுதான் அவர் ஓட்டிய கடைசி ரேஸ். 1953-ல் போய்ச் சேர்ந்தார்.

பேர் வந்தது சரி. பணம்?

நான் பி.காம். படித்தவன். இன்ஜின் அரைகுறையாகத்தான் புரியும், கணக்கு புரியும். ரேஸ் என்பது பற்று பக்கம் மட்டுமே உள்ள பேரேடு. வரவு பக்கத்தில் எழுத ஏதாவது ஒரு சாமான் விற்றாக வேண்டும். அபார்த் தேர்ந்தெடுத்தது, காருக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல், துருப்பிடித்துக் கிடக்கிற ஓர் உறுப்பை. சைலன்சர்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிந்ததும் மிச்சமாகும் சூடான புகையை பிஸ்டன் வெளியே தள்ளுகிறது. அது சீராக வழியும் தண்ணீர் போல வராது. அடி அடியாக, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு தள்ளு. இந்த சத்தத்தை அடக்க, கம்பெனிக்காரர்கள் சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து, புகையை அறை அறையாகச் சுற்றவிடுவார்கள். சத்தம் அடங்கும். ஆனால் புகை வெளியேறத் திணறும். இன்ஜின் தன் பலத்தில் ஒரு பங்கை மூச்சு விடுவதற்கே செலவழிக்கும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள், தெரியும்.

அபார்த்தின் சைலன்சரில் உள்ளே சுற்றுவழி கிடையாது. நடுவே நேரான குழாய், அதில் நிறைய ஓட்டைகள். குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார். புகை நேராக ஓடிவிடும். சத்தம் மட்டும் ஓட்டைகள் வழியாக நாருக்குள் புகுந்து பாதி செத்துப்போகும். மீதி பாதி? அதுதான் விற்பனைச் சரக்கே! 'ர்ர்ரூம்' என்று ஒரு கனத்த உறுமல்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. குழாயில் வேகமாக ஓடும் ஒவ்வொரு புகைத் தள்ளும் தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுப் போகும். குழாயின் நீளமும் அகலமும் சரியாக அமைந்தால், அந்த வெற்றிடம் அடுத்த புகையை உறிஞ்சி இழுக்கும். அகலம் ரொம்பக் கூடிவிட்டால் புகையின் வேகம் குறைந்து, மெதுவாக ஓட்டும்போது வண்டி முக்கும். 'ஓட்டையைப் பெரிசாக்கினா போதும் தம்பி' என்று சொல்கிற மெக்கானிக்குகளை நம்பாதீர்கள். காலேஜ் நாட்களில் என் ஸ்கூட்டர் சைலன்சரைத் தட்டி உள்ளே இருந்ததையெல்லாம் ஒருவர் உருவிக் கொடுத்தார். சத்தம் விமானம் மாதிரி. வேகம் மாட்டுவண்டி மாதிரி. மைலேஜும் போச்சு.

அபார்த் ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக வடிவமைத்தார். முதல் குறி, ஃபியட்டின் குட்டி டோபோலினோ. வெறும் 569 சி.சி. பிறகு ஃபியட் 1100. நமக்கெல்லாம் தெரிந்த கார்தான், பிரீமியர் பத்மினி என்று நம் ஊரில் ஓடியதே, அதன் தாய்வழி. அப்புறம் ஃபோக்ஸ்வேகன், லான்சியா, ஆல்ஃபா ரோமியோ, போர்ஷே 356, ஏன், ஃபெராரி வரைக்கும். கறுப்பு உடம்பு, பளபளக்கும் குரோம் வால், மேலே தேள்.

அந்தக் காலத்து இத்தாலியை நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்க ஆரம்பித்திருக்கிறது. 1957-ல் வந்த ஃபியட் 500-க்கு 13 குதிரை சக்தி. பாதி ஜனம் அதைத்தான் வாங்கக் கனவு கண்டது. ஃபெராரி எட்டாத உயரம். ஆனால் ஃபெராரிக்கு சைலன்சர் செய்கிற கம்பெனியே உன் குட்டி ஃபியட்டுக்கும் செய்து தருகிறது என்றால்? ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டிவிட்டால் சாயங்காலம் தெருவே திரும்பிப் பார்க்கும். 13 குதிரையில் ஒன்றிரண்டு கூடினாலும் பெரிய விஷயம்தான். ஆனால் ஜனங்கள் வாங்கியது குதிரையையா, கனைப்பையா என்று கேட்டால் எனக்குக் கனைப்பு என்றுதான் படுகிறது.

1962 வாக்கில் வருஷத்துக்கு 257,000 சைலன்சர்கள். அதில் 65 சதவீதம் ஏற்றுமதி. 375 தொழிலாளர்கள்.

இந்தப் பணத்தையெல்லாம் என்ன செய்தார்? வேறென்ன, ரேஸில் கொட்டினார். 1958 பிப்ரவரியில், மாற்றியமைத்த ஒரு ஃபியட் 500-ஐ மோன்ஸா ஓடுபாதையில் ஏழு பகல் ஏழு இரவு நிறுத்தாமல் ஓட்டவைத்தார். மணிக்கு சராசரி 108 கிலோமீட்டர், மொத்தம் 18,000 கிலோமீட்டருக்கு மேல்! ஃபியட் முதலாளிகள் அசந்துபோனார்கள். ஜெயிக்கும் ஒவ்வொரு ரேஸுக்கும் காசு என்று ஒப்பந்தமே போட்டார்கள். 1963-ல் 595 வந்தது. வீட்டிலிருக்கும் சாதா ஃபியட் 500-ஐயே அபார்த் ஆக்கிக்கொள்ள, வேண்டிய பாகங்களை மரப்பெட்டியில் அடுக்கியும் விற்றார்.

1965 அக்டோபர். ஐம்பத்தேழாவது பிறந்த நாளுக்கு இன்னும் சில வாரம். புதிதாகச் செய்த ஒற்றை சீட் ரெக்கார்ட் காரைத் தானே ஓட்டுவேன் என்று அடம்பிடித்தார். தொந்தி உள்ளே நுழையவில்லை. ஆப்பிளாகத் தின்று 30 கிலோ இளைத்தார். நுழைந்தார். ஓட்டினார். கம்பெனியின் நூறாவது சாதனை, முதலாளி கையாலேயே.

இப்படிப்பட்ட ஆசாமிக்குக் கணக்கு எங்கே இடித்திருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். குட்டி கார்களோடு நிற்கவில்லை. இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் என்று பெரிய ரேஸ் கார்களில் கை வைத்தார். ரேஸ் விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது கார், புதுச் செலவு. சைலன்சர் விற்ற காசு எவ்வளவு வந்தாலும் போதவில்லை. டூசியோ விழுந்த அதே பள்ளம்! பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் அபார்த். ஒரே வித்தியாசம், முழுதாக மூழ்குவதற்கு முன் 1971-ல் கம்பெனியை ஃபியட்டுக்கு விற்றுவிட்டார். கடைசிக் காலத்தில் வியன்னாவுக்கே திரும்பினார். 1979 அக்டோபர் 24 அன்று இறந்தார். விருச்சிகம் பிறந்திருந்தது.

பழைய 595, 695 கார்களை இன்றைக்கும் பொக்கிஷம் போல வைத்திருக்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் குனிந்து முதலில் பார்ப்பது வண்டிக்கு அடியில்தான். அந்தத் தேள் ஒரிஜினலா, நேற்று வெல்டிங் வைத்ததா?

ஃபியட் அந்தப் பெயரை விடவில்லை. 2022 நவம்பரில் அபார்த் 500இ என்று ஒரு காரை அறிமுகம் செய்தது. முழுக்க மின்சாரம். பெட்ரோல் இல்லை, புகை இல்லை, ஆகவே சைலன்சரும் இல்லை. பழைய பெட்ரோல் அபார்த்தின் உறுமலை அப்படியே கொண்டுவர 6,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்து, காருக்கு வெளியே கேட்கும்படி ஒரு ஸ்பீக்கரைப் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ள வசதி உண்டு.