சந்தமும் கணக்கும்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். இரும்பை உருக்கும் ஆலைகளும், தகட்டை அழுத்தும் பொறிகளும் அங்கே இரவும் பகலும் இயங்குகின்றன. ஆலை ஒன்றன் அருகே சிறிது நேரம் நின்று கேட்டால் ஓர் உண்மை புலப்படும். அழுத்தும் பொறி தரும் ஓசை ஒரே அளவானது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே உள்ள காலம் மாறுவதில்லை. ஆயினும் நம் செவி அதனை அப்படியே ஏற்பதில்லை. இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ அது தானே கூறுபடுத்திக் கொள்கிறது. எண்ணுவது மனித மனத்தின் இயல்பு. அந்த எண்ணிக்கையைப் பொறியிடம் விட்டுவிடாமல், தன் மொழிக்கும் நடைக்கும் ஏற்றவாறு அமைத்துக் கொண்டதே தாளத்தின் வரலாறு.

இன்று இதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1990-களில் அமெரிக்க நாட்டு இளைஞர் சிலர் புதியதொரு இசை முறையை வளர்த்தனர். அதற்கு 'மாத் ராக்', அதாவது கணித ராக், என்று பெயர் வந்தது. ராக் இசை பெரும்பாலும் நான்கு நான்காக அடியெடுத்து நடப்பது. இவர்களோ ஐந்தும் ஏழும் பதினொன்றுமாகத் தாளத்தை அமைத்தனர். ஒரே பாட்டினுள் எண்ணிக்கையைப் பல முறை மாற்றினர். லூயிவில் நகரத்து 'ஸ்லிண்ட்' என்னும் குழு 1991-இல் வெளியிட்ட 'ஸ்பைடர்லாண்ட்' என்ற இசைத்தட்டு இவ்வகைக்கு முன்னோடிகளுள் ஒன்று என்பர். பிற்காலத்தில் ஜப்பானிலும் இம்முறை பரவியது. கேட்டவர்கள் வியந்தனர்; சிலர் தலைசுற்றுகிறது என்றனர்; 'இது பாட்டா, கணக்குப் பாடமா?' என்று கேட்டவர்களும் உண்டு.

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதற்கு விடை கூறும் தலங்கள் மூன்று இருக்கின்றன. அவை திருவாலங்காடு, சிறுவாபுரி, திருத்தணிகை.

திருவாலங்காடு இறைவன் ஆடிய ஐந்து சபைகளுள் இரத்தின சபை அமைந்த ஊர். காரைக்காலம்மையார் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இத்தலத்துக்கு உரியவை. அப்பதிகம் ஒன்றிலே அம்மையார் துத்தம், கைக்கிளை, விளரி, தாரம், உழை, இளி என இசையின் பெயர்களை அடுக்குகிறார். மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை என்று முழவுகளை வரிசைப்படுத்துகிறார். சுடுகாட்டு ஆடலைப் பாட வந்த ஒருவர் வாத்தியப் பட்டியல் தருவானேன்? ஆடலுக்குக் கால்கள் போதா, காலம் வேண்டும். காலத்தைக் கூறிடும் கருவிகள் வேண்டும் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. அவருக்குப் பின் ஏழாம் நூற்றாண்டில் வந்த ஞானசம்பந்தர் திருத்தாளச்சதி என்று ஒரு பதிகமே பாடினார். தாளத்தின் சொற்கட்டுப் போலவே அங்கே தமிழ்ச் சொற்கள் விரைந்து ஓடுகின்றன.

அவ்வழியை முற்ற வளர்த்தவர் அருணகிரிநாதர். பிரபுடதேவ மாராயன் என்னும் விசயநகர மன்னனைத் தம் பாடலில் அவர் குறிப்பிடுவதால் அவர் காலம் பதினைந்தாம் நூற்றாண்டு என்று துணிவர். பதினாறாயிரம் திருப்புகழ் பாடினார் என்பது மரபு. இன்று நமக்குக் கிடைப்பவை ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சமே.

திருப்புகழின் சந்தம் என்றால் என்ன? குறில் ஒரு மாத்திரை; நெடில் இரண்டு மாத்திரை; குறிலை அடுத்து வல்லொற்றோ மெல்லொற்றோ வந்தால் அவ்விரண்டும் சேர்ந்து இரண்டு மாத்திரை. இந்த எளிய கணக்கை வைத்துக்கொண்டு 'தன', 'தான', 'தந்த', 'தத்த' என்னும் வாய்பாடுகளால் பாட்டின் ஓசையைக் குறித்து வைப்பது சந்தக் குழிப்பு. கும்மிடிப்பூண்டிக்கு அருகே உள்ள சிறுவாபுரியைச் 'சிறுவை' என்று அருணகிரியார் பாடியிருக்கிறார். வீடு கட்ட விரும்புவோர் இன்றும் அத்தலத்துக்குச் சென்று ஓதிவரும் பாடல் ஒன்று உண்டு. அதன் குழிப்பு 'தந்ததன தனதான' என மும்முறை வந்து, 'தனதான' என்ற தொங்கலுடன் முடிவது. நேயர்கள் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். 'தந்' இரண்டு, 'த', 'த', 'ன' ஒவ்வொன்று, ஆக ஐந்து. 'த', 'ன' ஒவ்வொன்று, 'தா' இரண்டு, 'ன' ஒன்று, இதுவும் ஐந்து. பாட்டு முழுவதும் ஐந்து ஐந்தாகவே நடக்கிறது. ஆனால் முதற்கூற்றில் அழுத்தம் தொடக்கத்தில் விழுகிறது. அடுத்த கூற்றில் நடுவே விழுகிறது. எண் ஒன்றே, எடை மாறுகிறது. அதனால் ஐந்தின் நடை அலுப்புத் தட்டாமல் அசைந்து அசைந்து செல்கிறது.

இதைப் பாடும் குடும்பத் தலைவி ஐந்தை எண்ணுவதில்லை. 'கண்ட நடை' என்ற பெயரும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லைச் சரியாக உச்சரித்தால் போதும். தாளம் தானே வந்துவிடும். கணக்கு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. இது அருணகிரியாரின் வெற்றி.

மேனாட்டு இசை இந்த ஐந்தை வேறு வழியில் அடைந்தது. ருஷ்ய நாட்டுச் சைகோவ்ஸ்கி 1893-இல் அரங்கேற்றிய தம் ஆறாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியை ஐந்து எண்ணிக்கையில் அமைத்தார். ஹங்கேரியரான பேலா பார்டாக் கிராமந்தோறும் சென்று நாட்டுப் பாடல்களைச் சேகரித்தவர். பல்கேரிய நாட்டு நடனங்களில் வழங்கிய ஒற்றைப்படைத் தாளங்களைக் கண்டு அவற்றைத் தம் பியானோ இசையிற் கையாண்டார். 1958-இல் இந்தியா உள்ளிட்ட நாடுகளிற் சுற்றுப்பயணம் செய்த அமெரிக்க ஜாஸ் இசைஞர் டேவ் புரூபெக்கின் குழு, அடுத்த ஆண்டு வெளியிட்ட இசைத்தட்டில் 'டேக் ஃபைவ்' என்ற ஐந்தெண்ணிக்கை இசை இடம்பெற்று உலகப் புகழ் அடைந்தது. பிரெஞ்சு இசைப்புலவர் ஒலிவியே மெசியான், பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் உள்ள நூற்றிருபது தேசித் தாளங்களைப் பயின்று தம் படைப்புகளிற் பயன்படுத்தினார். நம்முடையதே எல்லாவற்றுக்கும் மூலம் என்று பெருமை பேசுவதற்காக இவற்றை நான் எடுத்துக்காட்டவில்லை. பல்கேரியக் குடியானவனும் நம்மைக் கேட்டு ஆடியவன் அல்லன். தன் பேச்சையும் நடையையும் கூர்ந்து கேட்ட மக்கள் எங்கெங்கும் ஒற்றைப்படை எண்ணைக் கண்டிருக்கிறார்கள் என்பதே இதன் கருத்து.

இனித் திருத்தணிகைக்கு வருவோம். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) தம் முதற் கீர்த்தனையைத் தணிகை மலையிலே பாடினார் என்பது வரலாறு. அவர் குடும்பம் அப்போது சென்னையை அடுத்த மணலியில், முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தது. கோட்டையில் வாசிக்கப்பட்ட ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தை இளமையிற் கேட்ட தீட்சிதர், அம்மெட்டுகளுக்குச் சாகித்தியம் இயற்றினார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படுபவை அவையே. மூன்று மூன்றாகவும் நான்கு நான்காகவும் நடந்த அந்த அயல்நாட்டு ஓசையை மறுக்காமல் ஏற்றவர், பின்னர் ஏழு கிழமைக்கு உரிய கோள்களின்மேற் பாடியபோது ஏழு சூளாதித் தாளங்களையும் கையாண்டார். ஞாயிற்றுக்குத் துருவம், எண்ணிக்கை பதினான்கு. திங்களுக்கு மட்டியம், பத்து. செவ்வாய்க்கு ரூபகம், ஆறு. புதனுக்கு மிச்ர ஜம்பை, பத்து. வியாழனுக்குத் திச்ர திரிபுடை, ஏழு. வெள்ளிக்குக் கண்ட அட, பதினான்கு. சனிக்கு ஏகம், நான்கு. துருவமும் அடவும் பதினான்கே ஆயினும் ஒன்று 4, 2, 4, 4 என்று பிரிகிறது. மற்றது 5, 5, 2, 2 என்று பிரிகிறது. கூட்டுத்தொகை ஒன்றாயினும் நடை வேறு. ஏழு தாளங்களுக்கும் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் ஐந்து ஜாதி லகுக்களைக் கூட்டினால் முப்பத்தைந்து தாளங்கள் ஆகின்றன. நம்மவர் கணக்கைக் கண்டு அஞ்சியவர்கள் அல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் ஒரு பேரிழப்பைச் சொல்லாமல் விட முடியாது. அருணகிரியார் தம் பாடல்களை எந்த மெட்டிற் பாடினார் என்பது நமக்குக் கிடைக்கவில்லை. பாடல்களே மறைந்து போயிருக்கும். 1871-இல் ஒரு நீதிமன்ற வழக்கிலே தில்லைத் தீட்சிதர்கள் தம் உரிமைக்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாடலொன்றைக் காட்டினர். அதைக் கேட்டு உள்ளம் பறிகொடுத்தவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை. அன்று தொட்டு அவர் ஊர் ஊராக ஏட்டுச் சுவடிகளைத் தேடினார். நீதித்துறைப் பணிக்கிடையே பல்லாண்டு உழைத்து, 1894-இல் திருப்புகழின் முதற் பாகத்தை அச்சிட்டார். அடுத்த பாகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஓய்வு பெற்றபின் தணிகையிலே வாழ்ந்து 1909-இல் மறைந்தார். அவர் மைந்தர் செங்கல்வராய பிள்ளை (1883–1972), 'தணிகைமணி' என்னும் பெயருக்கு ஏற்பத் திருப்புகழுக்கு உரை கண்டு தந்தையின் தொண்டை நிறைவு செய்தார்.

ஏடுகளிலே இராகக் குறிப்பு இல்லை. தாளக் குறிப்பும் நமக்கு எட்டவில்லை. எனினும் தாளம் மட்டும் அழியவில்லை. ஏன்? சொற்களின் குறில் நெடில்களே தாளக் குறிப்பாக நின்றன. ஏட்டைச் செல் அரித்த இடத்திலும், எஞ்சிய அடிகளின் சந்தத்தைக் கொண்டு விடுபட்ட சீரின் அளவை அறியலாம். மெட்டு காற்றோடு போயிற்று. கணக்குச் சொல்லோடு தங்கிற்று. வெறும் வித்தை என்று நாம் எண்ணுகின்ற அந்தக் கணக்குத்தான் பாட்டைக் காத்த பெட்டகம்.

காத்த பாட்டை வாயால் பரப்பியவர்களும் உண்டு. மைசூர் அரண்மனையிற் சமையற் பணி செய்து, பின்னர்த் துறவு பூண்ட வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் திருப்புகழைத் தம் மந்திரமாகக் கொண்டார். தணிகை மலையின் படிகள் முந்நூற்று அறுபத்தைந்து. ஆங்கிலப் புத்தாண்டிலே துரைமார்களைக் காணச் செல்வதைவிட முருகனைக் காண்பது தக்கது என்று அவர் தொடங்கி வைத்த படித் திருவிழாவில், படிதோறும் நின்று திருப்புகழ் பாடி மக்கள் மலையேறுகின்றனர். கச்சேரி மேடையிலே காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) அரிய தாளங்களில் திருப்புகழைப் பாடிப் புகழ் நாட்டினார். அவருக்குப்பின் ஆலத்தூர் சகோதரர்கள் அம்மரபை வளர்த்தனர்.

தணிகையை நாம் இழக்கவிருந்த காலமும் ஒன்று இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் அது மீண்டும் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 1997-இல் உருவான திருவள்ளூர் மாவட்டத்தில் இன்று அடங்கியிருக்கிறது. எல்லையை மீட்டோம். அந்த எல்லைக்குள் விளைந்த ஓசையை மீட்டோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று திருப்புகழ் பல இடங்களில் கச்சேரியின் இறுதியில், நேரம் மிஞ்சினால் பாடும் துக்கடாவாக ஒடுங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் அதனைச் சந்தம் கெடச் சீர் பிரித்து, பொருள் தேடும் செய்யுளாக மட்டும் படிக்கின்றனர்.

'இது பாட்டா, கணக்கா?' என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். எண் முன்னே வந்து, சொல் அதன்பின் இழுபட்டு வந்தால் அது கணக்கு. சொல்லும் உணர்ச்சியும் முன்னே நடக்க, எண் அவற்றைத் தாங்கிப் பின்னே வந்தால் அது பாட்டு. அமெரிக்க இளைஞர்களின் இசைக்கும் இந்த உரைகல்லே பொருந்தும்; நம் மேடைகளில் நிகழும் பல்லவி விவகாரங்களுக்கும் இதுவே பொருந்தும்.

கும்மிடிப்பூண்டி ஆலையில் இரவு முறை முடித்து வீடு திரும்பும் தொழிலாளி ஒருவர், செவ்வாய்க்கிழமை காலையிற் குளித்து, சிறுவாபுரிக் கோயில் வாயிலில் நின்று அந்தப் பாடலை ஓதுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் ஒரே அளவான அடியைக் கேட்ட செவி அது. அங்கே அவர் நாவில் ஐந்து ஐந்தாகச் சொற்கள் அசைந்து வருகின்றன. அவர் எண்ணவில்லை, பாடுகிறார். அந்த நாவு பாடும் வரையில் அருணகிரியாரின் தாளத்துக்கு அழிவில்லை.