ஈறு காட்டும் நிலம்: திருச்சிராப்பள்ளி, திருவரங்க வட்டார ஊர்ப்பெயர்கள்

ஊர்ப்பெயருக்குப் பொருள் தேடுவோர் பெரும்பாலும் அதன் முற்பகுதியோடு நின்றுவிடுகின்றனர். திருச்சிராப்பள்ளி என்றதும் திரிசிரன் என்னும் மூன்றுதலை அரக்கன் நினைவுக்கு வருகிறான். திருவானைக்கா என்றதும் இறைவனை வழிபட்ட யானை வருகிறது. பள்ளி என்றும் கா என்றும் முடியும் ஈறுகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. முற்பகுதியைத் தலபுராணமும் மன்னர் பெயரும் காத்து நிற்கின்றன; ஈற்றுக்கு அத்தகைய காவல் இல்லை. எனினும் ஓர் ஊர் எந்த நிலத்தில், எதனைச் சார்ந்து தோன்றியது என்பதை ஈறே சொல்கிறது. ஒரே ஈறு கொண்ட பெயர்களைத் திரட்டி ஒப்பிட்டால்தான் அப்பொருள் விளங்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. அப்பர் காட்டிய முறை

இம்முறை நமக்கு அயலானதன்று. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் பாடிய அடைவுத் திருத்தாண்டகம் சிவத்தலங்களை ஈறு நோக்கி வகுத்துத் தொகுக்கிறது. பள்ளி என முடிபவை ஒரு பாடலிலும், துறை என முடிபவை வேறொரு பாடலிலும் அமைகின்றன. குடி, ஊர், கோயில், காடு, வாயில், ஈச்சரம், மலை ஆகியவையும் அவ்வாறே வகைப்படுகின்றன. பத்தியே அதன் நோக்கம். ஆயினும் ஈறு ஒரு பொருள்வகையைக் குறிக்கும் என்ற தெளிவு இல்லாமல் இப்படித் தொகுத்திருக்க இயலாது. ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ இந்நெறியைத் தற்கால உரைநடைக்குக் கொண்டுவந்தது.

இங்கிலாந்திலும் இம்முறையே பயன் தந்தது. மான்செஸ்டர், வின்செஸ்டர், லங்காஸ்டர் ஆகியவற்றின் ஈறு ரோமானியர் படைமுகாமைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி ஆகியவற்றின் ‘பி’ ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் தம் ஊரைக் குறித்த சொல். தனியே நின்றால் டெர்பி வெறும் பெயர். இனத்தோடு சேர்ந்தால் குடியேற்ற வரலாற்றுக்குச் சான்று.

2. துறையும் காவும்

அப்பரின் துறைப் பாடலில் பராய்த்துறை, தவத்துறை, கடம்பந்துறை, மயிலாடுதுறை, ஆவடுதுறை முதலியன வருகின்றன. பராய்த்துறையும் கடம்பந்துறையும் திருச்சிக்கு மேற்கே காவிரியின் தென்கரையில் உள்ளன. பராயும் கடம்பும் மரங்கள். லால்குடிக்கு அருகிலுள்ள மாந்துறையையும் அன்பில் ஆலந்துறையையும் இவற்றோடு வைத்தால் ஓர் ஒழுங்கு புலப்படும்: முன்னால் மரம், பின்னால் நீரில் இறங்கும் இடம். ஆற்றங்கரையில் அடையாளமாக நின்ற மரத்தால் அந்தந்தத் துறையை மக்கள் வேறுபடுத்தி அழைத்தனர் என்று இதிலிருந்து கொள்ளலாம். எந்தத் தனிப்பெயரும் இவ்வளவு தெளிவாக இதைச் சொல்லாது.

தவத்துறையே இன்றைய லால்குடி. சிவந்த கோபுரத்தைக் கண்ட படையினர் இட்ட பெயர் இது என்று ஊரார் கதை சொல்வர். அக்கதைப்படி ‘குடி’ என்பது கோயிலைக் குறிக்கும் அயல்மொழிச் சொல். அருகிலுள்ள துவாக்குடி முதலாகத் தமிழகமெங்கும் குடி என முடியும் ஊர்களோ குடியிருப்பையே குறிக்கின்றன. தன் இனத்துப் பெயர்கள் எதற்கும் பொருந்தாத பொருளை ஒரு பெயருக்கு மட்டும் கற்பிக்கும் விளக்கம் தனிச் சான்று காட்டியாக வேண்டும்.

திருவானைக்காவின் நிலை இன்னும் கவனத்திற்குரியது. கா என்றால் சோலை. நெல்லிக்கா, கோலக்கா, ஆனைக்கா, கோடிகா என நான்கையும் அப்பர் ஒன்றாகவே அடுக்குகிறார். நெல்லிக்காவில் நெல்லியும் ஆனைக்காவில் வெண்ணாவலும் தலமரங்கள். பொருள் ஐயத்துக்கு இடமின்றித் தெளிகிறது. பேச்சிலோ அவ்வூர் திருவானைக்காவல் என்றும் திருவானைக்கோவில் என்றும் ஆகிவிட்டது. பூங்கா என்று நாள்தோறும் சொல்பவர்களுக்கும் இந்த ஈறு தனிச்சொல்லாகப் புலப்படவில்லை. விளங்காத ஈற்றின் இடத்தில் விளங்கிய காவலும் கோவிலும் வந்து அமர்ந்தன. புராணம் இருந்ததால் யானை நிலைத்தது; புராணத்தில் இடம்பெறாத சோலை மறைந்தது.

3. பள்ளியும் அரங்கமும்

சிராப்பள்ளி கடினமான வழக்கு. திரிசிரன் கதை முற்பகுதிக்கு விளக்கம் தந்து பள்ளியை விட்டுவிடுகிறது. பாதி விளக்கத்தை முழு விளக்கமாக ஏற்க முடியாது. பள்ளி என்பது படுக்கை, துறவியர் உறைவிடம், கல்விக்கூடம், சிற்றூர் எனப் பலபொருள் குறித்த சொல். மலைக்கோட்டையின் இயற்கைக் குகையில் சமணர் கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள பொறிப்புகளில் ‘சிரா’ என்ற பெயர் வாசிக்கப்பட்டுள்ளது. அதைத் துறவி ஒருவரின் பெயராக ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அவ்வாறாயின் சிராப்பள்ளி என்பது சிராவின் உறைவிடம். ஆனால் காட்டுப்பள்ளி, நனிபள்ளி, செம்பொன்பள்ளி என்று அப்பர் அடுக்கும் ஊர்கள் அனைத்தையும் இதைக்கொண்டே சமணப் பள்ளிகள் என்று முடிவுகட்டிவிட முடியாது. ஈறு திசை காட்டும், உறுதிப்படுத்துவது களச்சான்று. ஆங்கிலேயர் எழுதிய ‘டிரிச்சினாபாலி’யில் அந்தத் திசைகூட இல்லை, நகரத்தைக் குறிக்கும் கிரேக்க ஈற்றின் சாயலே அதில் எஞ்சியது.

அரங்கம் என்பதற்கு ஆடுமேடை என்பதோடு ஆற்றிடைக்குறை என்ற பொருளும் உண்டு. எது இங்கே பொருந்தும்? வைணவ மரபு ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என மூன்றைச் சேர்த்துச் சொல்கிறது: சீரங்கப்பட்டினம், சிவசமுத்திரம், திருவரங்கம். மூன்றும் காவிரித் தீவுகள். இந்த ஒற்றுமை இரண்டாம் பொருளின் பக்கமே நிற்கிறது.

4. ஒரு மறுப்பும் விடையும்

ஈறுகள் இப்படி மாறுமானால் அவற்றை எப்படி நம்புவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. காலம் தெரிந்துவிட்டால் மாற்றமும் சான்றாகும் என்பதே விடை. சோழர்காலச் சதுர்வேதிமங்கலங்கள் பிராமணர்க்கு வழங்கிய ஊர்கள்; மங்கலம் என்ற ஈறு அரசாணையின் முத்திரை. முதலாம் பராந்தகனின் மகன் பெயர்கொண்ட உத்தமசீலி, மங்கலத்தை உதிர்த்துவிட்டு இளவரசன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் போசளர் தலைநகராயிருந்த கண்ணனூரை இன்று அம்மன் கோயிலால் சமயபுரம் என்றே உலகம் அறிகிறது. நிலத்திலிருந்து பிறந்த ஈறுகள் ஓர் அடுக்கு. ஆட்சியும் வழிபாடும் தந்தவை அதன்மேல் படிந்த அடுக்கு. தில்லைநகர், பீமநகர் எனும் நகர்கள் அண்மை அடுக்கு. இவற்றைக் கலந்து படிப்பதே பிழைக்கு வழி.

ஆகவே செய்யவேண்டியது தெளிவானது. திருவரங்கக் கோயிற் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதியாக வெளிவந்துள்ளன. அதிலுள்ள ஊர்ப்பெயர்களையும், தேவாரப் பெயர்களையும், இன்றைய வருவாய்க் கிராமப் பெயர்களையும் ஈற்றுவாரியாக அடுக்கிய அகராதி ஒன்று இவ்வட்டாரத்திற்கு வேண்டும். திருச்சிக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் சேர்ந்தால் இது கைகூடும். மக்கள் வழக்கைத் திருத்த வேண்டியதில்லை. திருவானைக்கோவில் என்போர் அவ்வாறே சொல்லட்டும். பெயர்ப்பலகையிலும் பாடநூலிலும் ஆனைக்கா என்ற வடிவமும் உடன் நிற்க வேண்டும். ஈற்றை இழந்தால், காவிரிக் கரையில் எங்கே துறை இருந்தது, எங்கே சோலை இருந்தது என்பதற்கு நம்மிடமுள்ள பழைய சான்றுகளில் ஒன்றை இழக்கிறோம்.