பெண் ஏறாத மடல்

பனையோலையைத் தாங்கும் காம்பை ஊரில் மட்டை என்பார்கள். பழைய பாட்டில் அது மடல். இரு ஓரமும் ரம்பம் போலக் கருக்கு இருக்கும். கவனிக்காமல் பிடித்தால் கை கிழியும்.

சங்கக் காதலன் அந்த மடலைத்தான் குதிரையாகக் கட்டினான். தலையில் எருக்கம்பூ. குறுந்தொகை 182இல் மடலுக்கு மணிமாலை, அவன் உடம்பில் வெள்ளெலும்பு, சுற்றிலும் ஊராரின் ஏளனம். அந்தப் பாட்டைப் பாடியவர் பெயரே மடல் பாடிய மாதங்கீரனார். தன்னைத் தெருவில் கேவலப்படுத்திக்கொண்டு பெண் வீட்டாரை இணங்கவைக்கும் உத்தி இது. பெரும்பாலும் தோழியிடம் விடும் மிரட்டலோடு நின்றுவிடும். கலித்தொகையில்தான் ஏறியே வந்தவர்களைப் பார்க்கிறோம்.

பெண்ணுக்கு இது கிடையாது. தொல்காப்பியம் அகத்திணையியலில் விலக்கியது. வள்ளுவர் ஒரு படி மேலே போனார்: காமம் கடலளவு இருந்தாலும் மடலேறாத பெண்ணைப் போல் பெருந்தக்கது இல்லை என்றார் (1137). விலக்கை மீறலாம், பாராட்டை மீறுவது கடினம். ஆண் நாணம் துறப்பதைச் சொல்லும் 114ஆம் அதிகாரத்திலேயே இந்தக் குறளும் இருக்கிறது.

எட்டாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் திருமங்கையாழ்வார், பரகால நாயகி என்ற பெண்ணின் குரலில் சிறிய திருமடல், பெரிய திருமடல் இரண்டையும் பாடினார். அவளுக்கு விதி தெரியும். பெரிய திருமடலில் அந்தத் தென்மொழி மரபைத் தானே எடுத்துச் சொல்லி, ஏற்க மாட்டேன், வடநெறியே வேண்டும் என்கிறாள். காடு புகுந்த சீதை, உலூபி, உஷை என வடநாட்டுக் கதைகளிலிருந்து சாட்சிகளை அழைக்கிறாள். வேடிக்கை என்னவென்றால், இவர்களில் ஒருத்தியும் மடலேறியவள் அல்ல; மடல் தமிழ்ச் சரக்கு. வடக்கிலிருந்து அவள் வாங்கியது துணிச்சல் மட்டும். ஊர்ந்தே தீருவேன் என்கிறாளே தவிர, ஊர்வதை இரண்டு நூலும் காட்டவில்லை. எழுதியவர் ஆண், காதலன் பெருமாள். ஊர் அதனால்தான் பொறுத்துக்கொண்டது என்பேன். அதே சொல்லை ஒரு மானிடனை நோக்கி ஒரு பெண் பாடியிருந்தால் கோயிலில் ஓதியிருக்க மாட்டார்கள்.

பிற்காலத்தில் வளமடல் என்று ஒரு சிற்றிலக்கிய வகை உண்டானது. அங்கே ஏறுபவன் மறுபடியும் ஆண். இன்று மடல் என்றால் கடிதம், மின்மடல், காதுமடல். எருக்கம்பூ யாருக்கும் நினைவில்லை. சிறிய திருமடலை ஒரே மூச்சில் படித்துவிடலாம். 1137ஆம் குறளை முதலில் படித்துவிட்டு அதை எடுங்கள்.