பங்களா கலர்

கண்டியில் ஹாட்வெயார் கடைக்குப் போய் வுட் ஸ்டெயின் கேட்டால் முதலில் ஒரு கலர் அட்டையைத்தான் நீட்டுவார்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் நிறங்களின் பெயர்கள் இல்லை, மரங்களின் பெயர்கள். தேக்கு, மகோகனி, வால்நட், ரோஸ்வுட். பலாவைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். சவுக்கு இருக்கவே இருக்காது. இத்தனைக்கும் அந்த டின்னை வாங்கிப்போய் மலைநாட்டில் நம்மவர்கள் பூசுவது பெரும்பாலும் சவுக்கிலும் கிராண்டிஸிலும் பைனஸிலும்தான். ஒரு மரத்தை இன்னொரு மரம் மாதிரிக் காட்டுவதற்கு ஒரு நிறம். யாருடைய வீட்டு மரம் மாதிரி, எப்போதிலிருந்து? இதைத்தான் கொஞ்சம் தோண்டிப் பார்த்தோம்.

கேள்வி வந்தது ஒரு குசினியிலிருந்து. எங்களில் ஒருத்தியின் வீடு கம்பளைக்கு மேலே, தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது. லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போதுதான் குசினியைத் திருத்த முடிந்தது. சீமெந்துத் தட்டு, சிங்க், கீழேயும் மேலேயும் அலுமாரி. பலகை சவுக்கு. அதாவது தேயிலைக்கு நிழலுக்கென்று வைத்த கிரெவிலியா. அதன் சொந்த ஊர் அவுஸ்திரேலியா. அறுத்து இழைத்தால் இளஞ்சிவப்பும் பழுப்புமாக வரும், மேலே மீன் செதில் மாதிரி ரேகைகள் மினுங்கும். எங்களுக்கு அது அப்படியே அழகாகப் பட்டது. ஆனால் "என்ன கலரும்மா அடிக்கணும்?" என்று பாஸ் கேட்டபோது எங்கள் தோழியின் அம்மா யோசிக்கவே இல்லை.

"பங்களா கலர் போடுங்க தம்பி."

பங்களா என்றால் துரை பங்களா. அம்மாயி அங்கே ஆயாவாக இருந்தவர். அம்மா சின்ன வயதில் பின்கதவு வரைக்கும் போயிருக்கிறார். பின்கதவில் நின்றால் உள்ளே பென்ட்ரி அலுமாரி தெரியுமாம். கரும்பழுப்பு, உள்ளே சிவப்பு ஓடுகிற மாதிரி, முகம் தெரிகிற பளபளப்பு. அந்த நிறம்தான் அவருக்கு வேண்டும்.

பாஸ் மிச்சத் துண்டுகளில் ஆறு மாதிரி பண்ணினார். மகோகனி மட்டும் அடித்தது இரத்தச் சிவப்பாக நின்றது. வால்நட் செத்துப்போன மாதிரி இருந்தது. இரண்டையும் கலந்தது ஈரமாக இருக்கும்போது சரியாக இருந்து, காய்ந்ததும் வெளிறி, மேலே வார்னிஷ் ஏறியதும் மறுபடி கறுத்தது. பகலில் ஒன்று, பல்ப் வெளிச்சத்தில் வேறொன்று. பலகையின் வெட்டுமுனை ஸ்டெயினைக் குடித்துக் கறுத்தது. ரேகைகளோ குடிக்கவே மறுத்தன. இதைச் செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பூசப்போகும் அதே பலகையின் துண்டில், அதே அளவு சேண்ட் பேப்பர் தேய்த்து, வார்னிஷ் வரைக்கும் முழுசாக முடித்து, அந்தக் குசினியிலேயே வைத்துப் பாருங்கள். கலர் அட்டையை நம்ப வேண்டாம்.

ஆறுமே பங்களா கலர் இல்லை என்றார் அம்மா. அது ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் டின்னில் இல்லை. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி இராச்சியத்தில் பிடிபட்டு, 1679இல் தப்பிப் போகும் வரை இங்கேயே கிடந்த ஆங்கில மாலுமி. 1681இல் வெளியான அவருடைய நூலில் சாதாரண ஆட்களின் வீடுகளைப் பற்றி ஒரு பகுதி உண்டு. ஓடு போட அனுமதி இல்லை. மாடி கட்ட அனுமதி இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் அனுமதி இல்லை. வெள்ளையாக இருக்கும் ஒரு வகைக் களிமண்ணைச் சிலர் பூசிக்கொண்டார்கள் என்கிறார். பிறகு அடுப்பு: புகைபோக்கி கிடையாது, மூலையில் நெருப்பு எரியும், கூரையெல்லாம் புகையால் கறுத்திருக்கும். ஆக 17ஆம் நூற்றாண்டுக் கண்டியில் ஒரு வீட்டின் நிறத்தை வைத்தே அங்கே இருப்பவர் யார் என்று சொல்லிவிடலாம். வெள்ளை மேலே உள்ளவர்களுக்கு. கறுப்பு யாரும் பூசாமலே வந்தது.

மரவேலை மட்டும் வேறு மாதிரி இருந்தது. பேராதனைப் பக்கம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எம்பக்கே தேவாலயத்துக்குப் போய் வரலாம். கம்பளையைத் தலைநகராக வைத்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தது, 14ஆம் நூற்றாண்டு. உள்ளே இருப்பவர் கதிர்காமக் கடவுள், நம்ம முருகன்தான். மேள மண்டபத் தூண்களில் மல்லர்கள், இரட்டைத்தலைப் பறவை, கழுத்துப் பின்னிய அன்னங்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று செதுக்கியிருக்கிறார்கள். அந்தத் தூண்களுக்கு ஒரு நிறம் இருக்கிறது, ஆனால் அது எந்த டின்னின் நிறமும் இல்லை. வெயில், கை, எண்ணெய்ப் புகை, காலம். மரம் மரமாகவே முதிர்ந்திருக்கிறது.

நிறம் வேண்டும் என்றால் கண்டியக் கைவினைஞர்கள் வெளிப்படையாகவே பூசினார்கள். இதை விரிவாக எழுதி வைத்தவர் ஆனந்த கூமாரசுவாமி. கொழும்பில் 1877இல் பிறந்தவர், அப்பா தமிழர், அம்மா ஆங்கிலேயர். கனிம ஆய்வுக்காக இந்த மலைகளில் சுற்றித் திரிந்தவர் கல்லை விட்டுவிட்டுக் கைவினையைப் பார்க்கத் தொடங்கினார். 1908இல் வந்த அவருடைய 'இடைக்காலச் சிங்களக் கலை' நூலில் அரக்கு வேலை வருகிறது. மரத்தைக் கடைசலில் சுற்றவிட்டு அரக்குக் குச்சியை அழுத்தினால், உராயும் சூட்டில் அது உருகி ஒட்டிக்கொள்ளும். மாத்தளைப் பக்கம் ஹப்புவித கிராமத்தில் இன்னொரு முறை உண்டு. சூடாக்கிய அரக்கை நூலாக இழுத்து, பிரம்பின் மேல் வைத்து, கட்டைவிரல் நகத்தால் நறுக்கி நறுக்கி ஒட்டுவார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. சிவப்புக்குச் சாதிலிங்கம், தமிழிலும் சிங்களத்திலும் அதற்கு ஒரே பெயர்தான். ஓவியங்களுக்கு மேலே பூச, தொரண மரத்து எண்ணெயில் பிசின் கரைத்த வார்னிஷ். நாங்கள் பார்த்த பழைய கண்டிய வேலைகளில் ஒரு மரத்தை இன்னொரு மரமாக நடிக்கவைத்தது எதுவும் கண்ணில் படவில்லை. சிவப்பு என்றால் சிவப்பு. இல்லையென்றால் வெறும் மரம்.

நடிப்பு வேறு கப்பலில் வந்தது. மகோகனி கரீபியன் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் வளர்கிற மரம். 1721இல் பிரித்தானியா தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை எடுத்துவிட்டது. அதன் பிறகு ஜமெய்க்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆபிரிக்கர்கள் வெட்டிய மகோகனி லண்டன் வீடுகளை நிறைத்தது. பணக்கார வீட்டு மேசை என்றால் அந்தச் சிவப்புக் கரும்பழுப்பு என்று ஆகிவிட்டது. அது எட்டாதவர்கள் மலிவு மரத்தில் சாயம் பூசி அந்த நிறத்தை வரவழைத்துக்கொண்டார்கள். கலர் அட்டையில் இன்றைக்கும் மகோகனி என்று ஒரு கட்டம் இருப்பதன் வேர் இங்கேதான். அந்த ரசனையைத்தான் துரைமார் மூட்டை கட்டிக்கொண்டு நம் மலைகளுக்கு வந்தார்கள்.

வந்தவர்கள் முதலில் செய்தது மரத்தை அழித்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் காட்டையும் தரிசையும் அரசுடைமை ஆக்கியது. அது கோப்பித் தோட்டங்களாக விலைபோனது. எரித்த காடுகளில் என்னென்ன மரம் போயிற்று என்று யாரும் எண்ணவில்லை. தேவதாரு இனங்களைப் போலக் கண்டம் கண்டமாக அல்ல, இந்தத் தீவுக்கே சொந்தமான கலமந்தர் மரம், வரி வரியாகக் கறுப்பும் தேன் நிறமுமாக இருப்பது, தளபாடத்துக்கென்று வெட்டி வெட்டியே அரிதாகிப் போனதை 1859இல் எமர்சன் டெனன்ட்டே எழுதிவிட்டார். அந்தத் தோட்டங்களுக்குத்தான் எங்கள் முப்பாட்டன்மார் மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்து வந்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. செத்த கோப்பி மரங்களின் அடிக்கட்டையைப் பட்டை உரித்து இங்கிலாந்துக்குத் தேநீர் மேசைக் காலாக அனுப்பினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, கொஞ்சம் கொழுப்புத்தான். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் போட்ட தேயிலை பிறகு மலை முழுக்கப் பரவியது. தேயிலையோடு நிழல் மரமாகச் சவுக்கும் வந்து சேர்ந்தது.

இப்போது பென்ட்ரி அலுமாரிக்கு வருவோம். அது தேக்காகவோ பலாவாகவோ இருந்திருக்கலாம். பலாவின் உள்மரம் வெட்டும்போது மஞ்சள், அந்தச் சாயத்தில்தான் பிக்குமாரின் சீவரத்துக்கு நிறமேற்றினார்கள். வெளிச்சம் பட்டுப்பட்டு அது தானாகவே தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். அதற்கு மேலே பிரெஞ்சு பொலிஷ். ஸ்பிரிட்டில் செல்லாக்கைக் கரைத்து, துணிப்பொட்டலத்தில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்ப்பது. செல்லாக் என்பதும் பூச்சி சுரக்கும் அரக்குத்தான், ஹப்புவிதக்காரர் நகத்தால் நறுக்குகிற சாமானின் சொந்தக்காரன். அதற்கும் மேலே வாராவாரம் மெழுகு. தேய்த்தது யார்? அப்பு, ஹவுஸ் போய், ஆயா. அம்மாயி பங்களாவில் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று என்று அம்மாவே சொன்னார். அறுபது எழுபது வருடம் எங்கள் ஆட்களின் கை ஒரே பலகையில் போய்ப் போய் வந்த நிறம் அது. இரண்டு கோட்டில் பாஸால் எப்படிக் கொண்டுவர முடியும்?

அதே கைகள் இரவில் திரும்பிய இடம் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு அறை, முன்னால் இஸ்தோப்பு. அடுப்பு அறையின் மூலையிலோ இஸ்தோப்பிலோ. விறகுப் புகை போக வழியில்லாமல் தகரத்திலும் மரத்திலும் படிந்து கறுத்தது. நொக்ஸ் பார்த்த அதே கூரை. லயத்துக்கு வெள்ளையடிப்பதா இல்லையா என்பது தோட்டத்தின் முடிவு, ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. ஒரு ஜன்னலைப் பெரிதாக்கவும் கேட்க வேண்டும். 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் யார் போக வேண்டும், யார் இருக்கலாம் என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். நாளைக்கு இருப்போமா என்று தெரியாத அறையில் யார் அலுமாரி அடிப்பது? 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. லயத்தின் கூரை கறுப்பாகவே இருந்தது. தட்டு வேண்டுமென்றால் தேயிலைப் பெட்டிப் பலகை. தோட்டத்தின் பெயர் அச்சடித்தபடியே சுவரில் அடித்து, அதன் மேல் ரொட்டிக்கல்லையும் கறிச்சட்டியையும் வைத்தார்கள்.

சும்மா ஒரு விஷயம். குசினி, அலுமாரி, மேசை, கதிரை, ஜன்னல் எல்லாம் போர்த்துக்கேயச் சொல். இஸ்தோப்பும் பாஸும் ஒல்லாந்தச் சொல். ஒரு குசினியைக் கட்டி முடித்து அதைப் பற்றிப் பேசுவதற்குள் இரண்டு சாம்ராச்சியம் வாயில் வந்துவிடுகிறது. அடுப்பு மட்டும் நம்முடையது.

இதையெல்லாம் ஒரு நாள் சாயந்திரம் அம்மாவிடம் நாங்கள் எடுத்துச் சொன்னோம். தேயிலை பற்றியும் சொன்னோம்: கடுந்தேநீரை மரத்தில் பூசி, காயவிட்டு, வினாகிரியில் ஊறிய துருவாணித் தண்ணீரை மேலே தடவினால் தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மரம் கண் முன்னாலேயே கறுக்கும். ஒரு துண்டில் செய்தும் காட்டினோம். தோட்டத்து மரம், தோட்டத்துத் தேயிலை, எவ்வளவு பொருத்தம் என்றோம். அம்மா அந்தக் கறுத்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க படிச்ச புள்ளைங்க, உங்களுக்கு இது அழகு. நான் முப்பது வருஷம் இந்தக் கலரைத்தான் சாம்பல் போட்டுத் தேச்சேன். போகல. எனக்கு பங்களா கலர்தான் வேணும்."

பாஸ் ஏழாவது துண்டில் முதலில் மெல்லிய மஞ்சள் பூச்சு, காய்ந்ததும் வால்நட்டில் கொஞ்சம் மகோகனி, கடைசியில் வார்னிஷில் ஒரு சொட்டு ஸ்டெயின் என்று பிடித்தார். கிட்டத்தட்ட வந்தது. ரேகைகள் மட்டும் உள்ளிருந்து மினுங்கிக்கொண்டே இருந்தன. சவுக்கை முழுசாக மறைக்க முடியவில்லை. அம்மா சரி என்றார். இப்போது வாரம் ஒரு முறை தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் அவரே துடைக்கிறார்.

கண்டியில் இரண்டு தேயிலை அருங்காட்சியகம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று சொல்லலாம். ஒன்று ஹந்தானையில், 1925இல் கட்டிய தொழிற்சாலையில். இயந்திரங்களையும் டெய்லரின் சாமான்களையும் பார்க்கலாம். மற்றது கம்பளை – நுவரெலியா வழியில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லய அறைகளுக்குள்ளேயே 2007இல் திறந்தது. முதலாவதுக்கு எங்களைப் பாடசாலையில் கூட்டிப்போனார்கள், இரண்டாவதுக்கு நாங்களாகத்தான் போக வேண்டியிருந்தது. இப்போது பல தோட்டங்களில் லயங்களை இடிக்கிறார்கள், இடிக்கத்தான் வேண்டும். ஆனால் இடிக்கிற அன்றைக்குத் தேயிலைப் பெட்டித் தட்டும் கறுத்த கைமரமும் முதலில் விறகாகப் போய்விடுகின்றன. உங்கள் லயத்தில் அப்படி ஒன்று இன்னும் நிற்கிறது என்றால், அடுப்பு மூலையிலிருந்து மேலே பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். தோட்டத்தின் பெயரும் வருடமும் எழுதி வையுங்கள். பிளாஷ் போடாமல் எடுங்கள். போட்டால் அந்தக் கறுப்பு பழுப்பாகத் தெரிகிறது.