சப்பாத்து

சப்பாத்து (பெயர்ச்சொல்): பாதம் முழுவதையும் மூடும் காலணி. போர்த்துகீசியரின் 'சப்பாத்தோ' என்னும் பதமே தமிழில் இவ்வாறு திரிந்தது. இந்தோனேசியரின் 'செப்பாத்து' இதற்குச் சகோதரச் சொல்.

மலேசியாவின் குளுவாங் வட்டாரத்துத் தோட்ட லயங்களில், ஞாயிற்றுக்கிழமை மாலை வெள்ளை பூசி வேலியோரம் காயவைத்த பள்ளிக் கான்வாஸ் சப்பாத்தும், 2021 முதல் கட்டாயமாகி அதன் ஸ்தானத்தைப் பெற்ற கறுப்புச் சப்பாத்தும் இச்சொல்லுக்குள் அடக்கம். ஆயினும், ஓசையின்றி நழுவி நடக்க உதவும் ரப்பர் அடியால் 'ஸ்னீக்கர்' எனப் பெயர்பெற்று, 1985இல் நைக்கி விற்பனைக்கு விட்ட 'ஏர் ஜோர்டான்' போல விளையாட்டு வீரரின் கீர்த்தியையும் சேர்த்தே விலைபேசும் புதுவகை மாத்திரம், 'சப்பாத்து' என்றால் கௌரவம் குறையுமென்று எண்ணுகிறது போலும்! ஆதியில் அதற்கு அடியாக அமைந்ததோ, நம் முன்னோர் விடியலில் சீவிய அதே கித்தா என்னும் ரப்பர்தான்.