புதுவை வானில் இரண்டு மேகங்கள்

புதுச்சேரிக் கடற்கரையில் காலையிலும் பிற்பகலிலும் நின்று பார்த்திருக்கிறீர்களா? விடியற்காலையில் ஊரிலிருந்து கடலுக்கு வீசும் காற்று, நண்பகலுக்குப் பின் திசைமாறிக் கடலிலிருந்து ஊருக்குள் வரும். நிலக்காற்று, கடற்காற்று என்று பள்ளியில் படித்ததுதான். ஆனால் காலையில் நம் அடுப்புப் புகையையும் வண்டிப் புகையையும் கடலுக்குத் தள்ளிச் சென்ற காற்று, அதில் ஒரு பகுதியைப் பிற்பகலில் நமக்கே திருப்பிக் கொண்டுவருகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வூர் வானத்தை நம்பி ஏமாந்தவர் ஒருவர் உண்டு. அவர் லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர். 1761-இல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் புதுவையிலிருந்து காண அவர் கப்பலேறினார். ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டதென்று வழியிலேயே செய்தி கிடைத்தது. ஆடும் கப்பலில் நின்று துல்லியமாக எதை அளப்பது! அடுத்த வாய்ப்புக்காக எட்டாண்டு காத்திருந்தார். 1768-இல் புதுவை வந்து, இடிந்து கிடந்த கோட்டையில் ஆய்வுக்கூடம் அமைத்தார். மே மாதம் முழுதும் காலை வானம் தெளிவாயிருந்தது. 1769 ஜூன் 4 விடியலில் மட்டும் மேகம் சூரியனை மறைத்தது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் நன்றாக அடித்தது!

அவர் இங்கே தங்கிய காலம் வீண்போகவில்லை. பருவக்காற்றுகளைக் குறித்துக்கொண்டார். கிரகணம் கணிக்கும் முறையைத் தமிழர் ஒருவரிடம் கற்றார். நம்மவர் கணக்கின் துல்லியம் அவரை வியக்க வைத்தது.

அவர் கண்டது நீராவி மேகம். பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே பஞ்சாலைகளும் புகைபோக்கிகளும் எழுந்தன. 1898-இல் தொடங்கிய 'ரோடியர் மில்' 2020-இல் மூடப்பட்டது. ஆலைப் புகை ஓய்ந்தாலும் வண்டிப் புகை பெருகிவிட்டது.

இரண்டாவது மேகத்தின் கதைக்குச் சிதம்பரம் போக வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-இல் பொறியியல் பட்டம் பெற்ற வீரபத்ரன் இராமநாதன், குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டியிலிருந்து வாயு கசிவதைத் தடுப்பது அவர் பணி. அமெரிக்கா சென்றபின் 1975-இல், அதே குளோரோஃபுளூரோகார்பன் வாயு வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கரியமில வாயுவைவிட, மூலக்கூறுக்கு மூலக்கூறு, பத்தாயிரம் மடங்குக்கு மேல் வல்லது என்று அவரே காட்டினார்.

1999-இல் அவரும் பால் குருட்சனும் தலைமை தாங்கிய இந்தியப் பெருங்கடல் ஆய்வு, மாலத்தீவைத் தளமாகக் கொண்டு நடந்தது. ஏன் ஜனவரி முதல் மார்ச் வரை? அப்போது வடகிழக்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கழுவ மழையும் இராது. விமானங்களும் கப்பல்களும் கண்டது, சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை பரவிய பழுப்புப் புகைப்படலம்! கரி, கந்தகத் துகள், சாம்பல், தூசி எல்லாம் அதில் கலந்திருந்தன. கடற்பரப்பை அடையும் வெயிலில் சுமார் 10 சதவீதத்தை அது தடுத்தது. வெயில் குறைந்தால் கடல்நீர் ஆவியாவது குறையும். அப்புறம் மழையும் குறையக்கூடுமல்லவா?

சிக்கல் இங்கேதான். கந்தகத் துகள்கள் வெயிலைத் திருப்பியனுப்பிப் பூமியைச் சற்றே குளிர்விக்கின்றன. அவற்றை மட்டும் நீக்கினால், கரியமில வாயுவால் இதுவரை மறைந்திருந்த வெப்பம் வெளிப்படும். அதற்காகப் புகையை விட்டுவைக்கலாமா? நுரையீரல் அதை ஏற்காது. ஆனால் கரித்துகள் வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குவது. அதைக் குறைத்தால் மூச்சுக்கும் நன்மை, வெப்பமும் தணியும். விறகடுப்பையும் டீசல் புகையையும் முதலில் கவனிக்க வேண்டும் என்று அறிஞர்கள் சொல்வது இதனால்தான்.

வெப்பம் கூடுவதும் காற்றைக் கெடுக்கிறது. வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகின்றன. சூடான நாளில் இவ்வினை வேகமாக நடக்கும். உயரே நம்மைக் காக்கும் ஓசோன், தரையருகே தொண்டையை அரிக்கும் நஞ்சு. வண்டிகளின் எண்ணிக்கை கூடாவிட்டாலும், கோடை கடுமையானால் ஓசோன் கூடலாம். எனவே புகையை அளக்கும் நிலையம் வெப்பத்தையும் காற்றுத் திசையையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று காலை புதுவைத் தெருவில் ஒரு ஸ்கூட்டர் விட்ட கரித்துகள் ஒரு வாரத்தில் படிந்துவிடும், அல்லது மழையில் கரையேறிவிடும். அதே ஸ்கூட்டர் விட்ட கரியமில வாயுவில் ஒரு பகுதியோ, வெள்ளி மறுபடி சூரியனைக் கடக்கும் 2117 டிசம்பரிலும் வானில் இருக்கும்.