1986-இல் நின்ற தூரம்

1988-இல் தொடங்கிய 'மகாபாரத்' தொலைக்காட்சித் தொடரில் பீமனாக வந்த பிரவீன் குமாரை நம்ம வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆள்தான் 1966-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் சுத்தியல் எறிந்து, இந்தியாவுக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்தவர்.

மாணவச் செல்வங்களே, சுத்தியல் என்றதும் தச்சர் கையில் இருப்பதை நினைக்காதீர்கள். இது கம்பி நுனியில் கட்டிய இரும்புக் குண்டு, எடை 7.26 கிலோ. இரண்டு மீட்டர் சொச்ச வட்டத்துக்குள் மூன்று நான்கு சுற்றுச் சுழன்று விடவேண்டும். கால் வெளியே பட்டால் போச்சு!

1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் 63.19 மீட்டருக்கே தங்கம் கிடைத்தது. 1980 மாஸ்கோவில் சோவியத் வீரர் யூரி செடிக் 81.80 எறிந்தார். அவரே 1986 ஆகஸ்டு 30-ஆம் நாள் ஸ்டுட்கார்ட்டில் 86.74 எறிந்தார். எண்ணெய்ப்பனை மரங்களுக்கு இடையே ஒன்பது மீட்டர் என்று வைத்தால், ஏறக்குறைய பத்து மரத் தூரம்! அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் தொடவில்லை.

ஏன்? 1980களின் இறுதியிலிருந்து ஊக்கமருந்துச் சோதனை கடுமையாகியது. ஒலிம்பிக் தங்கத்தின் தூரமும் குறைந்தது: 2000-இல் 80.02, 2016-இல் 78.68. செடிக் எந்தச் சோதனையிலும் பிடிபட்டவர் அல்லர். அவர்மேல் பழி போடுவது முறையல்ல. ஆனாலும் குறைந்த தூரத்தை யாரும் இளப்பமாக எண்ணவேண்டாம். 2004 ஏதென்ஸில் 83.19 எறிந்து முதலில் வந்த ஹங்கேரி வீரர் அட்ரியன் அன்னுஸ், மறுசோதனைக்கு வராமல் பதக்கத்தை இழந்தார். 82.91 எறிந்த ஜப்பானின் கோஜி முரோஃபுஷிக்குத் தங்கம் போய்ச் சேர்ந்தது. அவர் தந்தை ஷிகெனோபு, ஆசியப் போட்டிகளில் ஐந்து தடவை சுத்தியலில் தங்கம் வாங்கியவர்!

இப்போது தூரம் மறுபடி ஏறுகிறது. கனடாவின் ஈதன் காட்ஸ்பெர்க் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 84.12, 2025 தோக்கியோ உலகப் போட்டியில் 84.70 எறிந்தார். செடிக்கை எட்டிப்பிடிக்க இன்னும் இரண்டு மீட்டர் பாக்கி.